அயல் வீட்டின் சாட்சி

ஒரு வீட்டுக்கு நியாயமான வரி எவ்வளவு என்ற கேள்விக்கு அந்த வீட்டை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. வளவை நாடா பிடித்து அளந்துவிடலாம். கிணற்றின் ஆழத்தைக் கயிறு விட்டுப் பார்த்துவிடலாம். வரியின் நியாயத்தை அளக்க அப்படியொரு கருவி இல்லை. அயலவன் எவ்வளவு கட்டுகிறான் என்று தெரிந்த பிறகுதான் நமக்குக் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்பது தெரிகிறது. ஆகவே வரியில் நீதி கேட்டுப் போகிறவன் அயலவனையும் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கிறது. வர விருப்பமா என்று அவனை யாரும் கேட்பதில்லை. சில மாதங்களாக என் யோசனை இந்த இடத்தில்தான் சிக்கிக் கிடக்கிறது.

பூவரசங்குளத்தில் இருந்துகொண்டு இங்கிலாந்தின் வீட்டு வரியைப் பற்றி ஒருவன் கவலைப்படுவது வேடிக்கையாகத் தோன்றலாம். காரணம் என் தம்பி. நெடுங்காலம் வாடகை வீடுகளில் இருந்தவன் போன வருடக் கடைசியில் அங்கே ஒரு வீடு வாங்கினான். ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகளின் வரிசையில் ஒன்று. அவனுடையது 'ஈ' வகுப்பு. இரு பக்கத்திலும் எதிரிலும் உள்ளவை 'டி' வகுப்பு. "அண்ணை, நியாயசபை மட்டும் போகலாமெண்டு இருக்கிறன். நீங்கள் கந்தோரில வரிப் பகுதியில இருந்தனீங்கள்தானே, கடுதாசியளைப் பார்த்து ஒழுங்குபடுத்தித் தாங்கோ" என்றான்.

எங்கள் உள்ளூராட்சிச் சபைகள் ஆண்டுப் பெறுமதியை வைத்து ஆதனவரி அறவிடுகின்றன. வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்பதே அந்தக் கணக்கின் அடி. இங்கிலாந்தின் கணக்கு வேறு. தலைவரிக்கு எதிராக 1990 இல் லண்டன் தெருக்களில் கலகம் மூண்ட பிறகு அந்த வரியைக் கைவிட்டு, 1993 ஏப்ரிலில் இன்றைய கவுன்சில் வரியைக் கொண்டுவந்தார்கள். வீடுகளை 'ஏ' முதல் 'எச்' வரை எட்டு வகுப்பாகப் பிரித்தார்கள். 68,000 பவுணுக்கு மேல் 88,000 வரை பெறுமதியானது 'டி', அதற்கு மேல் 120,000 வரை 'ஈ'. 'டி' வீடு ஒன்பது பங்கு கட்டினால் 'ஈ' வீடு பதினொரு பங்கு கட்டவேண்டும். அவசரத்தில் நடந்த மதிப்பீடு அது. மதிப்பீட்டாளர்கள் வீட்டுக்குள் போகாமல் காரை இரண்டாவது கியரில் ஓட்டியபடியே வகுப்புக் குறித்தார்கள் என்று அந்நாட்டவரே கேலி பேசுவதுண்டு.

இதில் என்னை நிறுத்தி வைத்தது ஒரு திகதி. இங்கிலாந்தில் இன்றுவரை ஒவ்வொரு வீட்டின் வகுப்பும் 1991 ஏப்ரில் 1 ஆம் திகதி அது என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதில்தான் தங்கியிருக்கிறது. வேல்ஸ் 2005 இல் புதுக் கணக்குக்கு மாறியது. இங்கிலாந்திலும் மறுமதிப்பீடு செய்ய எண்ணி, 2005 இல் அதைத் தள்ளிப்போட்டார்கள். நேற்றுக் கட்டிய வீட்டுக்கும் அன்றைய விலையைக் கற்பனை செய்துதான் வகுப்புக் கொடுக்கவேண்டும். அந்த ஏப்ரிலில் எங்கள் குடும்பம் மடுவில், கோயில் வளவுக் கொட்டிலில் இருந்தது. பூவரசங்குளத்து வீட்டுக்கு அன்று என்ன விலை என்று யாராவது கேட்டிருந்தால் அம்மா சிரித்திருப்பா.

புதிதாக வரி கட்டத் தொடங்கியவர் ஆறு மாதத்துக்குள் வகுப்பை மாற்றும்படி முறையாகக் கேட்கலாம். விலைமதிப்பு அலுவலகம் மறுத்தால் மூன்று மாதத்துக்குள் நியாயசபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அங்கே கட்டணமில்லை. சட்டத்தரணி வேண்டியதில்லை. நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் கேட்பவனுடையது. சான்றாக வைக்கக்கூடியவை முக்கியமாக இரண்டு. 1989 ஏப்ரிலுக்கும் 1993 மார்ச்சுக்கும் இடையில் அந்த வீடோ அதைப்போன்ற வீடோ விற்கப்பட்ட விலை ஒன்று. அளவிலும் வயதிலும் அமைப்பிலும் ஒத்த, ஆனால் தாழ்ந்த வகுப்பிலுள்ள அயல் வீடுகள், ஐந்து வரை, மற்றது. இந்த இரண்டாவதுதான் தொல்லை. ஒரே மாதிரியான வீடுகளில் ஒன்று 'ஈ', மற்றவை 'டி' என்றால் அந்த ஒன்று கூடிப்போயிருக்கலாம். மற்றவை குறைந்துபோயிருக்கவும் கூடும். அலுவலகம் ஆராயத் தொடங்கினால் கேட்டவனின் வகுப்பே உயரலாம். சாட்சிக்குக் கொடுத்த ஐந்து வீடுகளின் வகுப்பும் உயரலாம்.

தம்பி ஐந்து கதவிலக்கங்களையும் அனுப்பிவிட்டான். அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு நான் இரண்டு நாள் கடுதாசி எழுதவில்லை.

வன்னியில் காணிப் பிணக்குத் தீர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். இடப்பெயர்விலே உறுதியும் அனுமதிப்பத்திரமும் போய்விட்டன. வேலிக்கட்டை உக்கிவிட்டது. காணிக் கச்சேரியில் ஊர் கூடியிருக்கும்போது, "இந்தப் பனையிலிருந்து அந்தக் கிணறு மட்டும் இவருடையதுதான், நாங்கள் அறிவோம்" என்று அயலவர் எழும்பிச் சொல்கிறார். சோலைவரிப் பற்றுச்சீட்டு ஒன்று தப்பியிருந்தால் அதைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறார்கள். அது உரித்தை நிலைநாட்டாது, இருந்தோம் என்பதற்கு ஒரு தடயம், அவ்வளவே. வரி குறைக்கக் கேட்டு அலையும் ஊரும் உண்டு, வரி கட்டிய துண்டைத் தேடி அலையும் ஊரும் உண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல. எங்கள் அயலவர் தன் வாயால், தன் விருப்பத்தால் சாட்சி சொல்கிறார். பொய் சொன்னால் ஊர் முகத்தில் விழிக்க முடியாது என்று தெரிந்தே சொல்கிறார். தம்பியின் தாளிலுள்ள ஐந்து வீட்டாரோ, தாங்கள் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டதை அறியாமல் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

தம்பி இதை ஒத்துக்கொள்ளவில்லை. எந்த வீடு எந்த வகுப்பு என்பது யாரும் பார்க்கக்கூடிய பகிரங்கப் பட்டியல், நான் இரகசியம் எதையும் சொல்லவில்லையே என்றான். அவர்கள் குறைவாகக் கட்டுவது உண்மையானால், அந்த உண்மை வெளிவருவதில் என்ன பிழை என்றும் கேட்டான். நல்ல கேள்விகள்தான். என் வகுப்புக் குறைந்தால் அந்தச் சுமை நகரம் முழுவதற்கும் போகுமே என்று அவனே ஒரு நாள் தயங்கினான். அந்தத் தயக்கம் எனக்கு அவசியமாகப் படவில்லை. கூடுதலாக வாங்கப்பட்ட வரி, அவன் மனமுவந்து கொடுத்த தர்மம் அல்ல. ஆனால் பகிரங்கமாகக் கிடப்பதை விரல் நீட்டிக் காட்டுவது என் செயல். சந்தையில் எல்லாருக்கும் தெரிகிற ஒருவனை இன்னான் என்று காட்டிக்கொடுத்ததால் என்ன வந்தது என்பதை இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வரியை உயிரோடு ஒப்பிடுவது மிகைதான், அதை நானும் அறிவேன். விரல் நீட்டுமுன் ஒருதரம் தயங்கும் பழக்கம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை.

ஆகவே இரண்டு விடயங்களை எழுதினேன். முதலில் உன் வீட்டையே அள. முந்திய சொந்தக்காரர் பின்பக்கம் அறை நீட்டியிருந்தால், வீடு கைமாறும்போது வகுப்பு உயர்வது அங்கே முறை. அப்படியானால் உனக்கு வழக்கே இல்லை. அடுத்தது, யாருடைய இலக்கத்தை எழுதப் போகிறாயோ அவர்களுடைய கதவைத் தட்டி, இதனால் உங்களுக்கும் கூடலாம் என்று சொல்லிவிட்டு எழுது.

அளந்தான். நீட்டிய அறை இல்லை. பிறகு முதற் கதவைத் தட்டினான். எழுபது கடந்த ஒரு பெண்மணி. கோபிக்கவில்லை. உள்ளே போய்த் தன் கொள்வனவுப் பத்திரத்தையே எடுத்து வந்து காட்டினாவாம். 1990 ஆகஸ்ட், 89,500 பவுண். 1995 இற்கு முந்திய விற்பனை விலைகள் பொதுத் தரவில் வருவதில்லை, ஆகவே நியாயசபையின் முன் இந்தத் தாளுக்குப் பெறுமதி அதிகம். தொகையை அப்படியே எடுத்தால் இரண்டு வீடுமே 'ஈ'. தென் இங்கிலாந்தில் அந்த வருடங்களில் வீட்டு விலை இறங்கிக்கொண்டிருந்தது என்பதைக் காட்டினால், எட்டு மாதம் கழித்து அது 88,000 இற்குக் கீழே வந்திருக்கும் என்று வாதிடலாம். அப்போது இரண்டுமே 'டி'.

"இதை வைக்கட்டோ அண்ணை?" என்று கேட்டான். வகுப்புப் பட்டியல் ஊருக்குப் பொது, இந்தத் தாள் அவவுடையது. இரண்டு பக்கமும் வெட்டும் என்பதை விளங்கப்படுத்தி, அவ சொல்வதைக் கேள் என்றேன். சொல்லியிருக்கிறான். மகளோடு பேசிவிட்டுச் சொல்வதாக அவ சொன்னாவாம். மகள் ஈஸ்டருக்கு வருகிறா. ஆறு மாதம் முடிய இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது.