பாட்டனார் பெயரும் பாட்டியின் பங்கும்

மனிதன் தன் முன்னோர் யாவர் என அறிய விரும்புவது இயற்கை. நம்மவரிடையேயும் இவ்விருப்பம் குறைவன்று. “எங்கள் பாட்டனாரின் பாட்டனார் மரக்கலம் வைத்து வாணிபம் செய்தவர்” என்று பெருமை பேசும் குடும்பங்கள் நம்மில் பல. ஆனால் வமிசத்தைத் தேடுவது எதற்காக? பெருமைக்காகவா, பொறுப்புக்காகவா? இவ்வினாவுக்கு நேர்மையாக விடை கண்ட பின்னரே தேடலில் இறங்குதல் நன்று.

கடல் கடந்த எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். பதினெட்டாம் நூற்றாண்டில், அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்து, ஸ்காட்லாந்து வழிவந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் பல அமெரிக்காவில் குடியேறின. பென்சில்வேனியாவில் இறங்கிப் பின்னர் வர்ஜீனியா, கரோலினா எனத் தெற்கே பரவின. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று தம் வேர்களைத் தேடுகின்றனர். 1922-இல் டப்ளின் ஆவணக் களஞ்சியம் எரிந்தபோது தாயகத்துப் பதிவேடுகள் பல அழிந்தன. ஆகவே உயில்களையும் நிலப் பத்திரங்களையும் புரட்டுகின்றனர். அமெரிக்கக் குடிக்கணக்கிலோ வேறொரு தடை. 1790 முதல் 1840 வரை எடுத்த கணக்குகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. மனைவியும் மக்களும் வெறும் எண்ணிக்கை. 1850-இல்தான் சுதந்திர மக்கள் அனைவரின் பெயரும் ஏறிற்று. அடிமைகளாயிருந்தோருள் பெரும்பாலோர் 1870 வரை பெயரின்றியே கிடந்தனர். புகழ்மிக்க பாட்டனைத் தேடிப் போகின்றவன் பெயரற்ற பாட்டியின் முன் போய் நிற்கின்றான்.

அவர்களைக் குறை கூறுமுன் நம் வீட்டு வமிசாவளியை எடுத்துப் பார்ப்போமா? மகன், மகனின் மகன் என்று கிளை விரியும். பெண்கள் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் “பெண் மக்கள் இருவர்” என்றொரு குறிப்போடு கிளை ஒடிந்துவிடும்.

ஒடிந்த அக்கிளையின் விலை என்ன என்பதை உணர ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தை நினைத்துப் பார்த்தாலே போதும். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி அது. சிப்காட் தொழிற்பேட்டைகள் எழுந்தன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. வயல் தொழிற்சாலை மனையாகும்போது நிலத்தின் விலை ஏறுகின்றது. அதுவரை எவரும் கேளாத ஒரு வினாவும் அப்போதுதான் எழுகின்றது: இந்த நிலத்துக்கு உரியவர் யாவர்? பட்டாவைத் தேடுகின்றனர், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டி வட்டாட்சியர் அலுவலகம் செல்கின்றனர். வமிசாவளி அன்று வாழ்வின் பத்திரமாகி விடுகின்றது. அதில் ஒரு சகோதரியின் பெயர் விடுபட்டால், விடுபடுவது பெயர் மட்டுமன்று; அவளுடைய ஹக்கு.

பெற்றோரும் உற்றாரும் விட்டுச் சென்றதில், அது சிறிதாயினும் பெரிதாயினும், ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்குண்டென்பது திருமறை நிஸா அத்தியாயத்தின் தீர்ப்பு. பெற்றோர் முன்னரே காலமான ஒருவர், மனைவி, இரு மகன்கள், இரு மகள்களை விட்டு மறைந்தார் எனக் கொள்வோம். கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சியதை 48 கூறுகளாக்கினால் மனைவிக்கு 6, மகன் ஒவ்வொருவருக்கும் 14, மகள் ஒவ்வொருவருக்கும் 7. நாட்டுச் சட்டமும் இதற்குத் துணை நிற்கின்றது. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது. 1949-இல் சென்னை மாகாணம் செய்த திருத்தம் அவ்விலக்கை நீக்கிற்று. ஆகவே, “வயலில் பெண்ணுக்குப் பங்கில்லை” என்பது மார்க்கமும் அன்று, சட்டமும் அன்று, வெறும் வழக்கம்.

“கல்யாணத்தின்போதே நகையும் சீரும் கொடுத்து விட்டோமே” என்பர் சிலர். வாழ்நாளில் மகளுக்குத் தந்தது அன்பளிப்பு. மீராஸ் என்பதோ மரணத்துக்குப் பின்னரே பிறக்கும் உரிமை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. “தங்கை தானே விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டாள்” என்பர் வேறு சிலர். தன் பங்கு எவ்வளவு, அதன் மதிப்பு என்ன என்பதை அறிந்து, மனமுவந்து விட்டுக்கொடுத்தாளாயின் அது அவளுடைய பெருந்தன்மை. அறியாமலோ, தாய்வீட்டு வாசல் அடைபடுமே என்று அஞ்சியோ இட்ட கையொப்பத்தை விட்டுக்கொடுத்தல் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் உண்டு. பங்கு பிரியுமுன்னரே மகளொருத்தி மறைந்தால், அவளுடைய 7 கூறுகள் அவள் கணவர், மக்கள் முதலிய வாரிசுகளைச் சேரும். வாரிசுரிமைக் கலையில் ‘முனாஸகா’ எனப்படுவது இதுவே. யார் யாருக்குப் பிறந்தார் என்பதோடு, யார் முன்னே மறைந்தார் என்பதும் தெரிந்தால்தான் கணக்குத் தீரும். பாட்டியின் பங்கு புதைந்த மண்ணில் எழுந்த ஆலைக்கே அவளுடைய பேரன் ஒப்பந்தத் தொழிலாளியாக வந்து சேரவும் கூடும். தன் வேர் அங்கே இருப்பதை அவன் அறியான். அறிந்தவர்கள் வாய் மூடியிருந்தால், இறைவனிடம் பொறுப்புச் சொல்ல வேண்டியவர்கள் அவர்களே.

உறவைப் பேணும் அளவுக்கு வமிசத்தை அறிந்துகொள்ளுமாறு பணித்தார்கள் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். குலத்தால் பெருமை கொள்வதைக் கண்டித்தவர்களும் அவர்களே. இரண்டுக்கும் முரணில்லை. வமிச அறிவு பிறருக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பதற்கே. நம் தலையில் மகுடம் சூட்டிக்கொள்வதற்கன்று.

ஆகவே வமிசாவளி எழுத அமருவோர், ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டைப் பாருங்கள். வீட்டு முதியவர்களைக் கேளுங்கள். மையவாடியில் உறங்குவோரின் மறைவு நாளைக் குறியுங்கள். பாட்டனார் பெயருக்கு அருகே பாட்டியின் பெயரையும், அவருடைய பெண் மக்களின் பெயர்களையும் எழுதுங்கள். பின்னர், அவர்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா என்று கேளுங்கள். சேரவில்லையெனில், அதைச் சேர்ப்பித்த பின்பே அந்த வமிசாவளியைச் சுவரில் மாட்டுவோம்.