நன்றியும் நாற்காலியும்

2022 டிசம்பர் 10. மாண்டஸ் புயல் கரை கடந்ததும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பார்வையிடப் போனார் முதலமைச்சர். அவருடைய வாகன அணிவகுப்பில் ஒரு காரின் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு நின்றபடி சென்றார் சென்னை மேயர் பிரியா. மாநகராட்சி ஆணையரும் அப்படியே நின்றார். கடமை வேகம் என்றது ஒரு தரப்பு. மேயருக்கு உட்கார இடமில்லையா என்றது மறுதரப்பு. சச்சரவு ஓய்ந்தது, அதன் அடியிலிருந்த கேள்வி ஓயவில்லை. பதவி வாங்கித் தந்தவருக்கு நன்றி காட்டுவதா, வாக்களித்தவருக்கு நியாயம் செய்வதா?

நியாயமே முந்தியது. நன்றி அதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

இது புதுத் தீர்ப்பல்ல. திருக்குறளில் செய்ந்நன்றியறிதலை அடுத்து வருவது நடுவுநிலைமை. நன்மை செய்தவரை நினைக்கும்போதுதான் நடுநிலை சிதையும், அங்கேயும் சிதையக்கூடாது என்பதற்காகவே இந்த வைப்பு என்று காரணம் சொல்கிறார் பரிமேலழகர். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையே, அவன் பரிசில் நீட்டித்தபோது வாயிற்காவலனிடம் சினந்து பேசியதைப் புறநானூறு காட்டுகிறது. மலையமானின் குழந்தைகளை யானைக்காலில் இடவிருந்த கிள்ளிவளவனைக் கோவூர்கிழார் தடுத்தார். அதே வளவனுக்கு அறிவுரை சொல்லி நிலவரிப் பாக்கியைத் தள்ளுபடி செய்ய வைத்தார் வெள்ளைக்குடி நாகனார். அரசனை அண்டி வாழ்ந்த புலவர்களே இவ்வளவு பேசினார்கள் என்றால், மக்கள் வாக்கால் அமர்ந்தவர் வாய்மூடி இருக்கலாமா?

சென்னை மாநகராட்சியில் 1957-இல் தாரா செரியன், 1971-இல் காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு மூன்றாவது பெண் மேயர் வர 2022 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திரு.வி.க. நகரிலிருந்து வந்த எம்.காம். பட்டதாரி பிரியாவுக்கு அப்போது வயது 28. இந்த நகரின் முதல் தலித் பெண் மேயர் அவர். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் தமிழகம் சட்டம் செய்ததும், மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டதும் திறந்துவிட்ட வாசல் இது. வாசலைத் திறந்தது சட்டம். கட்சி சீட்டுக் கொடுத்தது. அந்தச் சீட்டுக்கு நன்றி சொல்லலாம், அதற்காக அடிமைச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

வார்டுக்குள் இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். தண்ணி லாரி வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று போனால், “கவுன்சிலர் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க” என்ற பதில் தமிழகத்தில் எந்த ஊருக்கும் புதிதல்ல. படித்து, வென்று, உறுதிமொழி எடுத்தவர் ஒருவர். செல்போனை எடுத்துப் பேசுகிறவர் வேறொருவர். வீட்டுக்குக் காட்டும் விசுவாசம் ஊருக்குச் செய்யும் துரோகமாக மாறும் இடம் இதுதான்.

அனுபவம் இல்லாதவருக்குத் துணை வேண்டாமா, கட்சிக் கட்டுப்பாடு வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும்தான். ஆனால் துணை பக்கத்தில் நிற்க வேண்டும், நாற்காலியில் உட்காரக்கூடாது.

அந்த நாற்காலியின் பலம் சாதாரணமல்ல. 1920-இல் மாநகராட்சித் தலைவராக இருந்த தியாகராயர் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். பசித்த பிள்ளையை வகுப்பில் காணும் ஆசிரியரால் அன்றைக்கு இரக்கப்படத்தான் முடிந்தது; மாநகராட்சி மன்றத்தால் சோறு போட முடிந்தது.  ஆகவே படித்த பெண்கள் அந்த மன்றம் கூடும் ரிப்பன் மாளிகைக்கு வருவது அவசியமாகிறது.

2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட ஆலைகளின் உரிமத்தை ரத்து செய்வது கவுன்சிலர் கையில் இல்லை. மன்றத்தில் எழுந்து நின்று கேட்பது அவர் கையில் இருக்கிறது. ஆள்வது தன் கட்சியே ஆனாலும் கேட்க வேண்டும். சிலப்பதிகாரத்தில், பிழை தெரிந்த கணமே அரியணையில் உயிர்விட்டான் பாண்டியன் நெடுஞ்செழியன். அவனைக் கேட்டவள் பதவி எதுவும் இல்லாத ஒரு பெண்.

பதவி ஏற்கும் பெண்ணே, தலைவருக்கு மாலை போடு, தப்பில்லை. வீட்டாரிடம் யோசனை கேள், அதுவும் தப்பில்லை. கையெழுத்தை மட்டும் கடன் கொடுக்காதே. காசிமேட்டில் வலை பின்னுகிறவளும் திருவொற்றியூரில் குடத்தோடு வரிசையில் நிற்கிறவளும் உன் பெயருக்குத்தான் வாக்களித்தார்கள்.