காகிதச் சுருளும் தண்ணீர்க் குழாயும்

பொது மலசலகூடத்திற்கு எத்தகைய காகிதம் வாங்குவது? இலக்கியத் திங்களிதழில் எழுப்பத்தக்க கேள்வியா இது என்று வாசக நண்பர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். விடுதியிலும் காரியாலயத்திலும் ஆலையிலும் இக்கேள்விக்கு அன்றாடம் விடை காணப்படுகிறது. சுருளின் விலை என்ன, எத்தனை மீற்றர், ஒற்றைத் தாளா இரட்டைத் தாளா என்று பார்த்துக் கணக்கப்பிள்ளை முடிவு செய்கிறார். வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர். அறப்பிரச்சினை பிறப்பது இங்கேதான்.

மெல்லிய தாளை மக்கள் இருமடங்காக எடுப்பர், ஆகவே சிக்கனம் பொய்த்துப்போகும் என்று சில நல்லவர்கள் வாதிடுகின்றனர். வாதம் சரியே, ஆயினும் நாம் அதை நம்பி நிற்க விரும்பவில்லை. மலிவுத் தாள் உண்மையிலேயே லாபந் தருமாயின் அப்போது என்ன சொல்வது? சிக்கனத்தின் உடன்பிறப்பு சந்தேகம். பெய்ஜிங் நகரின் சொர்க்கக் கோயில் பூங்காவில், காகிதம் களவு போகிறதென்று, 2017இல் முகத்தை அடையாளங் காணும் இயந்திரங்களை மாட்டினார்கள். ஒரு முகத்திற்கு 60 சென்ரிமீற்றர். மீண்டும் வேண்டுமாயின் 9 நிமிடம் காத்திருக்க வேண்டும். வயிற்றுப்போக்குக் கண்ட கிழவருக்கு அவ்வியந்திரம் என்ன சமாதானம் சொல்லும்?

தனக்கு வேண்டுவதையே பிறர்க்கும் அளிக்க வேண்டும் என்பது பழைய நீதி. இவ்விடத்தில் அது போதாது. கொழும்புக் கனவான் ஒருவர், தாம் விரும்பும் மிருதுவான காகிதத்தையே தோட்டத்திற்கும் அனுப்புவதாகக் கொள்வோம். அவர் கஞ்சரல்லர், நம்மைத் தாழ்வாக எண்ணியவருமல்லர். ஆனால் நம் மக்கள் தண்ணீரால் கழுவிப் பழகியவர்கள். குழாயில்லாத இடத்தில் பட்டுப்போன்ற காகிதம் இருந்தென்ன?

ஊவாவின் மீரியபெத்தையை எண்ணிப் பார்ப்போம். அந்நிலம் ஆபத்தானதென்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை, மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்கள் கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் பாடசாலைகளில் ஒதுங்கினர். பின்னர் பலர் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நாட்களைக் கழித்தனர். புதிய வீடுகள் கிடைத்தது 2016இலேதான். அதுவரை பொது மலசலகூடமே குடும்ப மலசலகூடம்! அகதி முகாமில் வாளியையும் சவர்க்காரத்தையும் துணியையும் பிறரே தெரிவு செய்கின்றனர், பெரும்பாலும் அன்போடுதான். அந்த அன்புக்குக் கேட்கும் பழக்கம் குறைவு.

மலை சரியாத தோட்டங்களில் மட்டும் என்ன வாழ்கிறது? காலைப் பெரட்டு முடிந்து மலைக்குப் போகும் பெண்ணுக்குத் தேயிலைச் செடிகளிடையே மலசலகூடம் இருப்பது அபூர்வம். அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறாள்; சிறுநீர்க் கடுப்பையும் சுமந்துகொண்டு கொழுந்து பறிக்கிறாள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளின் விற்பனைப் பெண்களும் இவ்வாறே தாகத்தை அடக்கியவர்கள். யாரும் தங்களைக் கேட்கப்போவதில்லை என்று கண்டதும், தையற்காரியான விஜி முன்னிற்க, ‘பெண்கூட்டு’ என ஒன்றுசேர்ந்து மலசலகூடம் கோரிப் போராடினர். நாள் முழுதும் நின்றே தீரவேண்டும் என்ற கொடுமைக்கு எதிராகவும் அவர்கள் எழுந்தனர். 2018இல் கேரளம் சட்டந் திருத்தி, உட்காரும் உரிமையை அளித்தது.

நம் தோட்டத்துப் பெண்களைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிறுத்திக் கேட்டால், காகிதத்தின் பேச்சே எழாமற் போகலாம். பின்னேரத்திலும் குழாயில் தண்ணீர் வருமா, கதவை உள்ளே தாழிட முடியுமா, மாதத் துணியை எங்கே போடுவது, இரவில் விளக்கு எரியுமா, கைப்பிள்ளையை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்று அவர்கள் கேட்பார்கள்.