அறியாமற் செய்த கொலையும் பாவமா?



வாகனம் என்றதும் எங்கள் காலத்தவர் மனதில் முதலில் தோன்றுவது கோயில் வாகனசாலைதான். இடபம், மயில், மூஷிகம், குதிரை என அங்கே வரிசையாக நிற்கின்றன. தெய்வங்களைத் தாங்குவதற்கு விலங்குகளையும் பறவைகளையுமே நம் சமயம் தெரிந்தெடுத்தது. இன்று நாம் ஓட்டும் வாகனங்களோ அத்தகைய உயிர்களை நாளும் வீதியில் நசுக்கிச் செல்கின்றன. வேண்டுமென்று எவரும் செய்வதில்லை. அப்படியானால் அதில் பாவம் உண்டா? என்னை இப்படிக் கேட்கவைத்தது ஒரு கீரி.

சில வருடங்களுக்கு முன் ஒருநாள் சாயரட்சைப் பூசைக்கு நேரமாகிவிட்டது. களஞ்சிய அறைத் திறப்பு என்னிடம் இருந்தது. உறவுக்காரப் பையனின் ஓட்டோவில் ஏறி, "தம்பி, கெதியா விடு, ஐயர் பார்த்துக்கொண்டு நிற்பார்" என்று அவசரப்படுத்தினேன். வளைவு தாண்டியதும் கீரி ஒன்று குறுக்கே பாய்ந்தது. சத்தம் கேட்டது. பையன் வேகத்தைக் குறைத்து என்னைத் திரும்பிப் பார்த்தான். "கீரிதானே, நீ விடு" என்றேன். பூசை குறைவின்றி நடந்தது. திரும்பும்போது அவ்விடத்தில் இறங்கிப் பார்த்தேன். கீரி அடிபட்ட இடத்தில் இல்லை. வேலியோரப் புல்வரை தன்னை இழுத்துச் சென்று அங்கே இறந்து கிடந்தது. நாங்கள் போன பின்பும் அதற்கு உயிர் இருந்திருக்கிறது.

மனுநீதிச் சோழன் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்திலே திருவாரூர்ச் சிறப்பைச் சொல்லுமிடத்தில் வைத்துப் பாடியுள்ளார். இளவரசனின் தேர்ச்சில்லில் கன்று தானாகவே பாய்ந்து இறந்தது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அமைச்சர்களும் சாத்திரப்படி பிராயச்சித்தம் செய்தால் போதுமென்றனர். அரசன் ஏற்கவில்லை. தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான். அத்தண்டனையை நாம் பின்பற்றுவதற்காக அக்கதை சொல்லப்படவில்லை. "கன்றுதானே" என்று அவன் சொல்லவில்லை என்பதே நாம் கொள்ளவேண்டியது. அந்தத் தாய்ப்பசுவுக்கு அடிப்பதற்கு ஒரு மணி இருந்தது. எங்கள் வீதியில் அடிபடும் கீரிக்கும் உடும்புக்கும் மணியும் இல்லை, கேட்பதற்கு அரசனும் இல்லை.

வினையைப் புத்திபூர்வம், அபுத்திபூர்வம் எனப் பெரியோர் பிரிப்பர். அறிந்து செய்வது முன்னையது, அறியாது செய்வது பின்னையது. கீரி குறுக்கே வந்தது என் அறிவுக்கு அப்பாற்பட்டது. ஆனால் "கெதியா விடு" என்றதும், நில்லாமற் போகச் சொன்னதும் நான் அறிந்தே செய்தவை. ஓட்டியவன் அவன், ஓட்டச் சொன்னவன் நான். இன்னொன்றும் உண்டு. அந்த வளைவில் உயிர்கள் கடக்கும் என்பது அன்று முதல் எனக்குத் தெரியும். மறுநாளும் அதே வேகத்தில் போனால் அதை அறியாமை என்று சொல்ல முடியாது. அறியாமை என்ற சாட்டு ஒரு முறைக்குத்தான் செல்லும்.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் கடந்துவிடும். சாரதி கண்டு, காலை பிறேக்கில் வைக்குமுன்னரே அவ்வளவு தூரம் போய்விடுகிறது. வேகம் இரட்டித்தால் பிறேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். திடீரெனத் திருப்பினால் மனித உயிருக்கே ஆபத்து. ஆகவே முன்கூட்டியே மெதுவாகச் செல்வதே வழி. பகல் வெயிலில் சூடேறிய தார் வீதி பொழுதுபட்ட பின்பும் சூட்டை வைத்திருப்பதால் பாம்புகள் அதை நாடி வருகின்றன. அடிபட்ட உடலை வீதியில் விட்டால் அதைத் தின்ன வரும் காகமும் நாயும் அடுத்ததாக அடிபடும்.

நம் தீவகத்தாருக்கு இதில் தனிப் பொறுப்பும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் நாம் இடம்பெயர்ந்தபோது ஆடுமாடுகளை அவிழ்த்துவிட்டுப் போனோம். எங்கள் உயிரைக் காக்க வேறு வழியிருக்கவில்லை. அவை கட்டாக்காலிகளாகிப் பெருகின. இன்று இரவில் வீதியில் படுத்திருக்கும் மாட்டைத் திட்டுமுன் அதன் தாயை அவிழ்த்துவிட்டவர் யாரென்று நினைக்கவேண்டும். ஆனி மாதத்தில் நயினை நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்குச் செல்வோர் குறிகட்டுவானில் படகைப் பிடிக்க விரைகின்றனர். நாகத்தை ஆபரணமாகப் பூண்டவளைத் தரிசிக்கப் போகும் அவசரத்தில் வழியிலே பாம்பை நசுக்கிச் செல்வது எத்தகைய வழிபாடு?

2025 பெப்ரவரி 20ஆம் திகதி மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் இடையே ஓடும் புகையிரதம் ஹபரணைக்கு அண்மையில் யானைக்கூட்டத்துடன் மோதியதில் பல யானைகள் இறந்தன. காயப்பட்டுக் கிடந்த இளம் யானையின் அருகில் ஒரு பெரிய யானை விலகாமல் நின்ற காட்சியைப் பலரும் கண்டோம். அந்த யானை நின்றது. நான் நிற்கவில்லை.

தேர்த்திருவிழாவன்று எம்பெருமானின் தேர் மெல்ல நகர்கிறது. சில்லுக்குக் கட்டை போடுவோர் கண்ணிமைக்காமல் கூடவே நடக்கின்றனர். ஒரு குழந்தையின் கால்கூடப் படக்கூடாதென்பது அவர்கள் கவலை. அந்தக் கவனத்தில் சிறிதளவாவது நம் வாகனங்களுக்கும் வேண்டும். பூசைக்குப் பிந்தினால் இறைவன் பொறுப்பார். அடிபட்ட உயிருக்கு நின்று ஒரு வாய் தண்ணீர் வார்ப்பதும், இறந்ததை ஓரமாக எடுத்துப் புதைப்பதும் அவருக்குரிய பூசையே. இப்போது அந்தப் பையனின் ஓட்டோவில் ஏறும்போதெல்லாம், "மெதுவாகப் போ தம்பி" என்கிறேன். இதுவே நான் செய்யும் பிராயச்சித்தம்.

எல்லா உயிர்களையும் காத்தருள எம்பெருமான் திருவடிகளைப் பணிகின்றேன்.

சுபம்.