காது ஆறும் வரை

ஆடி வெள்ளிக்கிழமை பிற்பகலில் சந்தவாசல் பேருந்து நிறுத்தத்தில் நின்றால் மொட்டைத் தலைகளை எண்ணி மாளாது. சந்தனம் பூசிய சின்னச் சின்னத் தலைகள். காய்ந்து வெடித்த சந்தனம் காதோரம் பொடிப் பொடியாக உதிர்ந்திருக்கும். அதற்குக் கீழே, செக்கச் சிவந்த மடலில் புதுத் தங்கக் கம்பி. படவேடு ரேணுகாம்பாளுக்கு நேர்ந்துகொண்ட கடனைத் தீர்த்துவிட்டு, போளூருக்கும் வேலூருக்கும் பேருந்து பிடிக்க நிற்கும் குடும்பங்கள் அவை. ஒரு தாய் குழந்தையைத் தோளில் சாய்க்கிறாள். காது தோளில் பட்டதும் அது வீறிடுகிறது. மறு தோளுக்கு மாற்றுகிறாள். அந்தப் பக்கமும் காதுதானே. கடைசியில் பிள்ளையின் நெற்றியைத் தன் கழுத்துக்குழியில் பதித்து, இரண்டு காதும் எதிலும் உரசாதபடி பிடித்துக்கொள்கிறாள். பேருந்து வரும் வரை அந்தக் கை அசையவில்லை.

வேண்டுதல் முடிந்தது என்று வீட்டார் பேசிக்கொள்கிறார்கள். முடிந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

கோயிலில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த சடங்கு. முடி இறக்கி, குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைப்பார்கள். ஆசாரி இரண்டு மடலையும் மாறி மாறிப் பார்த்து, ஏற்றத்தாழ்வு இல்லாமல் ஒரு புள்ளி வைப்பார். வாயில் சர்க்கரையோ வாழைப்பழமோ போகும். கண் வேறு பக்கம் திரும்பும் நொடியில் கம்பி உள்ளே போய்விடும். அலறல் கேட்டதும், "ஒண்ணும் இல்ல கண்ணு, எறும்பு கடிச்சிடுச்சு" என்று மாமன் சொல்வார். சுற்றி நிற்பவர்கள் சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

எறும்பு கடிக்கவில்லை என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். நம் மொழிக்கும் தெரிந்திருக்கிறது. ஏமாற்றப் பார்ப்பவரிடம் "யாருக்குக் காது குத்துறே?" என்று கேட்கிறோம். "எனக்கு ஏற்கெனவே காது குத்தியாச்சு" என்றும் சொல்கிறோம். இந்த வழக்கு எப்படி வந்தது என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்லலாம். ஆனால் வாயில் இனிப்பும் காதில் ஊசியும் ஒன்றாக வந்த அந்த நொடியின் நினைவு இல்லாமல் இப்படியொரு பேச்சு பிறந்திருக்க முடியாது. தெய்வத்தின் பெயரால் செய்யும் ஒரு காரியத்துக்குள் சிறு வஞ்சனை இருக்கிறது என்று தமிழ் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது.

நேர்ந்துகொண்டது பெற்றோர், வலித்தது பிள்ளைக்கு. ஒருவரின் நேர்த்திக்கடனை இன்னொருவரின் உடம்பால் தீர்க்கலாமா? இது நாத்திகர் மட்டும் எழுப்பும் கேள்வி இல்லை. பக்தி உள்ளவர்தான் இதை முதலில் கேட்க வேண்டும். 2012 ஆகஸ்டில் பெர்லின் நீதிமன்றம் ஒன்றில் மூன்று வயதுச் சிறுமியின் பெற்றோர், அவளுக்குக் காது குத்திய கடையிடம் இழப்பீடு கேட்டார்கள். 70 யூரோ கொடுத்து வழக்கு சமரசமாயிற்று. ஆனால் இடையில், குத்துவதற்குக் கூட்டிவந்த பெற்றோரின் செயலே சரிதானா என்ற கேள்வியும் எழுந்து, அந்த நாடு கொஞ்ச காலம் அதைப் பேசிக்கொண்டிருந்தது. விவிலியத்தின் யாத்திராகமத்தில் 21ஆம் அதிகாரம் வேறொரு காதைக் காட்டுகிறது. விடுதலை பெறும் நாள் வந்தும் எசமானை விட்டுப் போக மனமில்லாத அடிமையைக் கதவு நிலையோடு சேர்த்து நிறுத்திக் காதைக் குத்துவார்கள். அடிமைத்தனம் கொடியதுதான். ஆனாலும் அங்கே காதுக்கு உரியவன் வாய்திறந்து சம்மதம் சொன்ன பிறகே கம்பி எடுக்கப்படுகிறது. மாமன் மடியில் இருக்கும் பதினோரு மாதக் குழந்தைக்கு அந்த வாய் இன்னும் திறக்கவில்லை.

இந்தியாவில் இந்தச் செயலை நுணுக்கமாக எழுதிவைத்த பழைய மருத்துவ நூல் சுச்ருத சம்ஹிதை. பதினாறு சம்ஸ்காரங்களில் கர்ணவேதம் என்னும் காதுகுத்தும் ஒன்று என்று சடங்கு நூல்கள் எண்ணிக்கை சொல்லிவிட்டுப் போகின்றன. சுச்ருதரோ குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார். காப்புக்கும் அணிக்கும் என்று இரண்டு காரணம் சொல்கிறார். ஆறாவது அல்லது ஏழாவது மாதம், வளர்பிறை நாள், செவிலியின் மடி, கையில் விளையாட்டுப் பொம்மை. ஆண் என்றால் முதலில் வலக் காது, பெண் என்றால் இடக் காது. அதன் பிறகு அவர் சொல்வது ஒன்று நின்று யோசிக்க வைக்கிறது. மடலைச் சூரிய ஒளிக்கு எதிரே இழுத்துப் பிடித்துப் பார், தெய்வம் ஏற்கெனவே துளைத்து வைத்த இடம் தெரியும், அங்கே குத்து என்கிறார்.

மருத்துவமாகப் பார்த்தால் இது எளிது. வெளிச்சம் ஊடுருவும் இடத்தில் சதை மெல்லியது, இரத்த நாளம் குறைவு. ஆனால் அதை அவர் சொல்லும் விதம் வேறு கதவைத் திறக்கிறது. குத்துகிற கை தன் விருப்பத்துக்குக் குத்தக்கூடாது. உடம்பு எங்கே இடம் கொடுக்கிறது என்று முதலில் தேட வேண்டும். தேடாமல் குத்தினால் என்ன ஆகும் என்றும் எழுதுகிறார். காலிகை, மர்மரிகை, லோகிதிகை என்ற மூன்று நாளங்களில் ஒன்று பட்டுவிட்டால் காய்ச்சல், வீக்கம், கழுத்துப் பிடிப்பு. அப்படி நேர்ந்தால் துளையில் இட்ட திரியை உடனே எடுத்துவிட்டு, அதிமதுரமும் மஞ்சிட்டியும் ஆமணக்கு வேரும் பார்லியும் எள்ளும் அரைத்து, தேனும் நெய்யும் கலந்து பூசி, புண் முழுக்க ஆறிய பிறகுதான் மறுபடி குத்த வேண்டும். சரியாகக் குத்திய காதுக்கும் எண்ணெய் விடவேண்டும், மூன்று நாளுக்கு ஒருமுறை சற்றுத் தடித்த திரியாக மாற்ற வேண்டும். குத்துவதற்கு அவருக்கு ஒரு நொடி போதும். எழுத்தெல்லாம் குத்திய பிறகு வரும் நாட்களைப் பற்றியது.

படவேட்டம்மனின் கதையும் அங்கேயேதான் வந்து சேருகிறது. கணவர் ஜமதக்னி சொன்னதற்காக மகன் பரசுராமனே தாயின் தலையை வெட்டினான். அதே மகன் வரம் கேட்டு அவளை உயிர்ப்பித்தான். கருவறையில் அம்மன் சிரசாகவே வணங்கப்படுகிறாள். மக்கள் சொல்லும் இன்னொரு கதையில், கணவனின் சிதையில் இறங்கிய ரேணுகை மழை பெய்து தீ அவிந்து உடலெங்கும் கொப்புளத்தோடு எழுந்து வந்தாள். வெந்த மேனியை வேப்பிலையால் மூடிக்கொண்டாள். மாரியம்மனுக்கு வேப்பிலை வந்த வழி அதுதான் என்பார்கள்.

அப்படியானால் சந்தவாசலிலிருந்து மலையடிவாரத்துப் படவேட்டுக்குப் போகிறவர்கள் யாரைக் கும்பிடுகிறார்கள்? காயப்பட்டு, அந்தக் காயத்தை ஆற்றிக்கொண்ட ஒருத்தியை. அவள் சன்னதியில் ஒரு பிள்ளையின் தோலைத் துளைத்துவிட்டு, துளைத்ததோடு கடன் தீர்ந்தது என்று திரும்பினால் கதையின் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்ததாகும். வெட்டிய கை பரசுராமனுடையது. வேப்பிலை தேடிய கை அம்மனுடையது. பக்தர் எந்தக் கையைப் பின்பற்றுவது?

தமிழில் புண் ஆறும், பால் ஆறும், கோபம் ஆறும். மனதுக்குக் கிடைப்பதும் ஆறுதல்தான். காதுப் புண் ஆறும் விதம் மட்டும் கொஞ்சம் விசித்திரம். மற்ற காயங்கள் மூடினால் ஆறியதாக அர்த்தம். இது மூடாமல் ஆற வேண்டும். மடலின் முன்புறத் தோலும் பின்புறத் தோலும் துளைக்குள் மெல்ல வளர்ந்து, நடுவில் சந்தித்து, அந்தச் சிறு குகைக்கு உள்சுவர் கட்டுகின்றன. அதற்குள் கம்பியைக் கழற்றினால் துளை தூர்ந்துவிடும். மடலுக்கு இது முடிய ஆறு முதல் எட்டு வாரம். மேல்காதின் குருத்தெலும்பில் குத்தினால் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். குருத்தெலும்புக்குச் சொந்தமாக இரத்த ஓட்டம் இல்லை. அங்கே சீழ் வைத்தால் காதின் வடிவமே சுருங்கிவிடும்.

ஆறு வாரம் என்றால் 42 நாள், எட்டு வாரம் என்றால் 56. நடுவில் வந்து நிற்கிறது 48, ஒரு மண்டலம். சபரிமலைக்கு மாலை போட்டவர் விரத நாள் முழுக்கத் தன்னைக் காத்துக்கொள்கிறார். காது குத்திய வீடும் ஒரு மண்டலத்தை விரதமாக எடுத்துக்கொண்டால் என்ன? அந்த விரதத்துக்குத் தேவையானவை மிகக் கொஞ்சம். காதைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஒரு தம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கால் தேக்கரண்டி உப்புப் போட்டு ஆறவிட வேண்டும். இங்கேயும் ஆறுதல்தான். அதில் சுத்தமான பஞ்சையோ மெல்லிய துணியையோ நனைத்து, கம்பியைச் சுற்றிக் கட்டியிருக்கும் பொறுக்கு ஊறி இளகும் வரை வைத்துப் பிடித்து, மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும். பிய்க்கக் கூடாது. கம்பியைத் தினமும் திருகிவிடச் சொல்வது பழைய பழக்கம். காய்ந்த பொறுக்கு கம்பியோடு உள்ளே போய்ப் புதுத்தோலைக் கிழிக்கும் என்பதால் இன்று பலர் அதை வேண்டாம் என்கிறார்கள்.

அம்மன் வேப்பிலையால் மேனியை மூடினாள் என்பதற்காக, வேம்பு என்ற பெயரில் எதையும் துளைக்குள் விடலாம் என்று பொருள் இல்லை. வீட்டில் பாட்டி வேப்ப ஈர்க்கை ஒடித்துச் செருகியது உண்டு. துளை தூராமல் இருக்க விளக்குமாற்றுக் குச்சியை நறுக்கிச் செருகியதும் உண்டு. வேம்புக்கும் மஞ்சளுக்கும் கிருமியை எதிர்க்கும் குணம் இருக்கிறது. ஆனால் தெருவைப் பெருக்கிய குச்சிக்கு அது கிடையாது. கடையில் வாங்கிய மஞ்சள்தூளைத் திறந்த புண்ணில் அப்பினால் தூசியும் சேர்ந்தே அப்பப்படும். ரணஜன்னி என்ற சொல்லைக் கேட்டாலே அந்தக் காலத்துத் தாய்மார்கள் நடுங்கியதற்குக் காரணம் இருந்தது. தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா 2015இல்தான் ஒழித்ததாக அறிவிக்க முடிந்தது. அதைச் சாதித்தது தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும். ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் போடும் ஊசிகள் முடியாத குழந்தைக்குக் காது குத்த எந்த அம்மனும் அவசரப்படுத்த மாட்டாள். ஒரே கம்பி முனையால் வரிசையாகப் பல பிள்ளைகளுக்குக் குத்துவதைக் கண்டால், நல்ல நேரம் போகிறதே என்று பார்க்காமல் மடியிலிருந்து எழுந்துவிடத் தாய்மாமனுக்கு உரிமை உண்டு. சீர்வரிசையோடு அவர் கொண்டுவர வேண்டிய முதல் சீர் அந்தத் துணிச்சல்.

வீக்கம் மடலைத் தாண்டிப் பரவினாலும், மஞ்சளும் பச்சையுமாகச் சீழ் வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், கம்பி இறுகி மடலுக்குள் புதைந்தாலும், வீட்டில் பிடுங்கி எறியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மலிவான கம்மலில் இருக்கும் நிக்கல் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அரிப்பும் நீர்க்கசிவும் நிற்கவே நிற்காது.

இவ்வளவு செய்து துளைக்கும் காது எதற்காக? சம்பந்தரின் முதல் பதிகம் தோடு என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. இடக் காதில் தோடும் வலக் காதில் குழையுமாக மாதொருபாகனைப் பார்த்த மரபுக்கு, செவி தெய்வத்தின் அடையாளங்களில் ஒன்று. வள்ளுவர் இன்னும் உள்ளே போகிறார். கேள்வி அதிகாரத்தில், கேள்வியால் துளைக்கப்படாத காது ஓசையைக் கேட்டாலும் செவிட்டுக் காதுதான் என்கிறார். அவருக்கு ஊசி பொருட்டில்லை. வெளியிலிருந்து ஒரு சொல் வந்து உள்ளே வழி போட்டதா என்பதே பொருட்டு.

அந்த அர்த்தத்தில் துளைக்கப்பட்ட ஒரு காது இந்த வட்டாரத்திலேயே நிற்கிறது. போளூருக்கு அருகே திருமலையில், குந்தவை பெயரால் விளங்கும் சமணக் கோயிலுக்கு மேலே, பாறையில் ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்துக்குத் தீர்த்தங்கரர் நேமிநாதரின் சிலை. கல்யாணத்துக்குத் தேரில் போகும்போது, விருந்துக்காக அடைத்து வைத்திருந்த விலங்குகளின் கதறல் அவர் காதில் விழுந்தது. தேரைத் திருப்பிவிட்டார், நகைகளைக் கழற்றிவிட்டார். சமணரும் பௌத்தரும் தம் பெரியோரைச் செதுக்கும்போது பெரும்பாலும் அணி இல்லாமல், ஆனால் நீண்டு தொங்கும் மடலோடு செதுக்குவார்கள். அணி போன பிறகும் காது இருக்கிறது. நம் காதணி விழாக்கள் பலவற்றில் பந்தலுக்குப் பின்னால் கிடா கட்டியிருக்கும். ஒரு பக்கம் பிள்ளை அழுகிறது, மறுபக்கம் ஆடு கத்துகிறது. இரண்டையும் மறைக்க மேளம் சத்தமாக வாசிக்கப்படுகிறது. கிடா வெட்டு வேண்டுமா என்பது தனியாகப் பேச வேண்டிய பெரிய பேச்சு. ஆனால் காதுக்காகவே எடுக்கும் விழாவில் அழுகுரல் கேட்காதபடி மேளத்தை ஓங்குவது மனதை உறுத்துகிறது.

பிள்ளை நாலைந்து வயதாகி, கண்ணாடி முன் நின்று "எனக்கும் தோடு வேணும்" என்று கேட்கும் வரை பொறுத்திருந்தால் அம்மன் கோபித்துக்கொள்வாளா? கோபிக்க மாட்டாள். வேண்டுதலுக்கு வட்டி கிடையாது. அப்போது எறும்பு என்று பொய் சொல்லவும் தேவையிருக்காது. வலிக்கும், கொஞ்ச நேரம் வலிக்கும் என்று உண்மையைச் சொல்லலாம். பொறுக்க முடியாத வீடுகளும் உண்டு. தாத்தாவுக்கு வயதாகிவிட்டது, மாமன் துபாய்க்குத் திரும்ப வேண்டும், பத்திரிகை அடித்தாயிற்று. அந்த வீடுகளைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை. பிள்ளையைக் கேட்காமல் எடுத்த கடனுக்கு 48 நாள் கை கழுவுவது அந்தப் பெரியவர்கள் செலுத்த வேண்டிய பங்கு.

மண்டலம் முடிந்து ஒரு காலை, நகைப்பட்டறைத் திண்ணையில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. கம்பியைக் கழற்றித் தோடு மாட்ட வேண்டும். சிவப்பு போய், மடல் தன் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆசாரி சின்னக் குறட்டை எடுத்துக்கொண்டு முன்னே குனிகிறார். பக்கத்தில் இருந்த பாட்டி அவர் கையைப் பிடித்து நிறுத்துகிறாள்.

"கை கழுவிட்டீங்களா ஆசாரி?"