காணாத இடத்துக் கடமை

புதியது எல்லாம் குறையற்றது என்று எண்ணுவது மனித இயல்பு. புத்தாடையில் கறையைத் தேடுவார் இல்லை. புதுமனையில் விரிசலைத் தேடுவார் இல்லை. மலேசியத் தமிழர் இல்லத்துக்குப் புதிய கார் ஒன்று வரும் நாளும் அத்தகைய நாளே. வண்டி முதலில் கோயில் வாசலில் போய் நிற்கும். திருநீறும் சந்தனமும் குங்குமமும் இடப்படும், பூமாலை சூட்டப்படும், நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கப்படும். ஒன்பது ஆண்டுகள் வரையிலும் மாதத் தவணை கட்ட வேண்டிய பொருள் அது; ஒரு குடும்பத்தின் உழைப்பே உருக்கொண்டு நிற்பது போன்றது. அதனிடத்தில் களைய வேண்டிய அழுக்கு உண்டு என்று எவரேனும் சொன்னால் மனம் எளிதில் ஏற்பதில்லை.

ஆனால், வண்டியோடு தரப்படும் பராமரிப்புக் கையேடு அவ்வாறு எண்ணுவதில்லை. இந்நாட்டில் விற்கப்படும் கார்கள் பலவற்றுக்கு ஒரு மாதம் கழிந்ததும் அல்லது 1,000 கிலோமீட்டர் ஓடியதும், இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது, முதல் பராமரிப்புக்கு வருக என்று அது பணிக்கிறது. இருக்கைகளின் புதுமணம்கூட இன்னும் நீங்கவில்லை. ஓட்டத்தில் ஓசைக் குறை ஒன்றும் இல்லை. அதற்குள் எண்ணெய் மாற்றுவதா என்னும் வினா எழுகிறது. பட்டறையிலேயே விடை கண்டுவிடக்கூடிய சிறிய வினாவாக இது தோன்றலாம். உண்மையில் இதனுள் பழையதோர் அறவினா அடங்கியுள்ளது. செய்தால் வரும் பயனும் கண்ணுக்குத் தெரியாது, செய்யாவிட்டால் வரும் கேடும் கண்ணுக்குத் தெரியாது என்னும் நிலையில், ஒரு செயல் கடமை ஆகுமா, ஆகாதா என்பதே அவ்வினா.

இதற்கு விடை காணுமுன் எஞ்சினுக்குள் நிகழ்வது யாது என அறிதல் வேண்டும். சிலிண்டரின் உட்சுவர் விரலுக்கு வழவழப்பானது. உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினாலோ அது மேடும் பள்ளமுமாகக் காட்சி தரும். எண்ணெய் வழிந்துவிடாமல் தங்கி நிற்பதற்காகவே அச்சுவரில் குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கீறல்களைத் தொழிற்சாலையிலேயே இடுகின்றனர். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் இச்சுவரோடு உராய்ந்து, ஒன்றன் மேட்டை மற்றொன்று தேய்த்து, இரண்டும் பொருந்தி அமர்வது வண்டி ஓடத் தொடங்கிய பின்னரே நிறைவேறுகிறது. தொடக்க நாள்களில் மிகு வேகமும் மிகு சுமையும் கூடா என்றும், நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓட்டுதல் தகாது என்றும் அறிவுறுத்துவது இதன் பொருட்டே.

இவ்வாறு தேய்ந்து உதிரும் உலோகத் துகள்களும், எஞ்சினைப் பூட்டும்போது பூசப்பட்ட பொருள்களின் எச்சமும் எண்ணெயில் கலக்கின்றன. வடிகட்டி அவற்றுள் பெரியனவற்றைப் பிடித்து நிறுத்தும். மிக நுண்ணியவை அதனையும் கடந்து எண்ணெயோடு சுற்றி வரும். சிறிய காரின் எஞ்சினில் இருப்பது ஏறத்தாழ 3 முதல் 4 லிட்டர் எண்ணெய்தான். உராய்வைக் குறைப்பதும், வெப்பத்தைக் கடத்துவதும், துருவைத் தடுப்பதும், அழுக்கைத் தன்மேல் சுமப்பதும் அந்த நான்கு லிட்டருக்குள் நடந்தாக வேண்டும். தேன் நிறத்தில் இருந்த எண்ணெய் முதன்முறை வடிக்கப்படும்போது மங்கலாக வருகிறது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் சில வேளைகளில் வெள்ளிப்பொடி தூவியதுபோல் மின்னும். அது எஞ்சினின் குற்றம் அன்று. உறுப்புகள் ஒன்றோடொன்று இணங்கி வாழக் கற்றுக்கொண்டதன் அடையாளம். குற்றம் என்பது அதை அறிந்தும் உள்ளேயே தங்க விடுவதாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். ஒருவர் புதிய கார் வாங்குகிறார். முதல் மாதம் முடிகிறது, வேலை மிகுதி. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப் போடுகிறார். ஐயாயிரம் கிலோமீட்டர் கடந்துவிடுகிறது; பத்தாயிரமும் கடந்துவிடுகிறது. வண்டி முன்போலவே ஓடுகிறது. ‘என்ன ஆகிவிட்டது?’ என்று அவர் நண்பரைக் கேட்கிறார். நண்பரிடமும் விடை இல்லை. ஒருமுறை எண்ணெய் மாற்றத் தவறியதனாலேயே எஞ்சின் பாழாகிவிடும் என்று அச்சுறுத்துவது மிகையாகும். ஆனால், முதல் தவறுதலுக்குத் தண்டனை கிடைக்காதபோது இரண்டாம் தவறுதல் எளிதாகிவிடுகிறது, மூன்றாவது வழக்கமாகிவிடுகிறது. ஆறாம் ஆண்டில் அவர் அந்த வண்டியை விற்றுவிட்டு வேறு வண்டி வாங்குகிறார். மெருகேற்றப்பட்டுப் பளபளக்கும் பழைய வண்டியை, தோட்டத்தில் பிறந்து தொழிற்சாலை வேலைக்குச் செல்லும் இளைஞர் ஒருவர் கடனுக்கு வாங்குகிறார். அவருடைய குடும்பத்தில் அதுவே முதல் கார். ஓராண்டுக்குள் வண்டி எண்ணெயைக் குடிக்கத் தொடங்குகிறது. பின்னால் நீலப் புகை கிளம்புகிறது. பட்டறையில் கேட்கும் தொகை அவருடைய இரண்டு மாதச் சம்பளம்.

இங்கே குற்றவாளி யார்? எந்த நீதிமன்றமும் இதை விசாரிக்க இயலாது. முதல் உரிமையாளர் பொய் ஒன்றும் சொல்லவில்லை; வண்டியை வேண்டுமென்றே கெடுக்கவும் இல்லை. தம் பொருளைத் தாம் விரும்பியவாறு வைத்துக்கொள்ளத் தமக்கு உரிமை உண்டு என்றும் அவர் வாதிடலாம். ஆயினும், ஒருவர் செலவிடாத சிறு தொகையும் ஒதுக்காத அரைநாள் பொழுதும் இன்னொருவர் தோளில் பெருஞ்சுமையாக இறங்கியுள்ளன. அலட்சியத்தின் இயல்பே இதுதான். அது விளையும் இடம் வேறு; அறுவடை செய்யப்படும் இடம் வேறு. செய்தவன் கண்ணில் அதன் விளைவு படாமையால் அவன் நெஞ்சம் உறுத்துவதில்லை. நெஞ்சம் உறுத்தாமையால் அதனை அவன் குற்றம் என்றே கருதுவதில்லை.

திருவள்ளுவர் வருமுன் காத்தலைப் பற்றிப் பேசும் இடம் இங்கே எண்ணத்தக்கது. பொருட்பாலின் அரசியலில், 44ஆம் அதிகாரமாகிய குற்றங்கடிதலில் அதனை அவர் வைத்துள்ளார். முன்னரே காவாமையை அறியாமை என்றோ ஊழ் என்றோ ஒதுக்கிவிடாமல், கடியத்தக்க குற்றங்களின் வரிசையில் அதற்கு இடம் தந்துள்ளார். தீமையைச் செய்வது மட்டும் குற்றம் அன்று. வரக்கூடிய தீமையை அறிந்திருந்தும் வாளா இருப்பதும் குற்றமே என்னும் தெளிவு அந்த வைப்புமுறையிலேயே அமைந்துள்ளது.

எனினும், ஓர் ஐயம் எழலாம். இக்காலத்தில் பெரும்பாலோர் முதல் பராமரிப்பைத் தவறவிடுவதில்லை. தவறினால் உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் பறிபோகும் என்னும் அச்சம் அவர்களைப் பட்டறைக்கு அழைத்து வந்துவிடுகிறது. அவ்வாறிருக்க இதில் அறம் பேசுவானேன் என்பதே அந்த ஐயம். செருமானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட அறநெறி நூலில் கடைக்காரர் ஒருவரை எடுத்துக்காட்டுகிறார். விவரம் அறியாத சிறுவன் வந்தாலும் அவர் விலையைக் கூட்டிச் சொல்வதில்லை. அச்செயல் கடமைக்கு இசைந்ததுதான். ஆனால், வணிகம் கெட்டுவிடும் என்னும் அச்சத்தால் அவர் அவ்வாறு நடந்திருந்தால், கடமை உணர்வினால் நடந்தார் என்று அதனைச் சொல்லலாகாது என்கிறார் காண்ட். உத்தரவாதம் முடியும்வரை ஒழுங்காகப் பட்டறைக்கு வந்து, முடிந்த மறுநாளே வருவதை நிறுத்திவிடுபவர் காப்பாற்றியது கடமையை அன்று, தம் பணப்பையையே. அச்சத்தால் பிறந்த ஒழுங்கு, அச்சம் நீங்கியதும் தானும் நீங்கிவிடும்.

வண்டியின் அடியில் படுத்து வேலை செய்பவரின் நிலையோ இன்னும் நுட்பமானது. உரிமையாளர் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறார். பழைய வடிகட்டியைக் கழற்றாமலே கழற்றியதாகக் குறிப்பேட்டில் அடையாளம் இட முடியும். குறைந்த தர எண்ணெயை ஊற்றி உயர்ந்த தரத்துக்கு விலை போட முடியும். எந்த உரிமையாளரும் மண்டியிட்டு உள்ளே நோக்கப் போவதில்லை. இருந்தும், வடிகட்டியை மாற்றி, அதன் ரப்பர் வளையத்தில் சிறிது எண்ணெய் தடவி, திருகாணியை உரிய அளவுக்கு முறுக்கி, அளவுக் கம்பியை ஒருமுறைக்கு இருமுறை துடைத்துப் பார்க்கும் தொழிலாளர்கள் உள்ளனர். வடித்தெடுத்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் பீப்பாயில் சேர்த்து வைப்பவர்களும் அவர்களே. பயன்படுத்திய மசகு எண்ணெயை மலேசியாவின் 2005ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிமுறைகள் அட்டவணைக் கழிவுகளுள் ஒன்றாக வகைப்படுத்தியுள்ளன. ஆனால், நள்ளிரவில் சாக்கடையருகே காவல் நிற்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. சட்டத்தின் கண் முடியும் இடத்தில்தான் மனச்சான்றின் கண் திறக்க வேண்டியுள்ளது.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பின் சொல்லையும் கேட்டல் முறையாகும். இன்றைய எஞ்சின்கள் முற்காலத்தனவற்றைவிட மிக நுட்பமாகக் கடைந்தெடுக்கப்படுகின்றன. ஆகவே, தொடக்கத்திலேயே எண்ணெய் மாற்றுவது எல்லா வண்டிக்கும் வேண்டியதில்லை என்பர். இது மறுக்கத்தக்கது அன்று. தொழிற்சாலையில் ஊற்றிய எண்ணெய் தொடக்கக் காலத்துக்கென்றே அமைந்தது, அதனை முன்கூட்டி வடித்துவிட வேண்டா என்று கூறும் உற்பத்தியாளர்களும் உளர். அத்தகைய வண்டியை வாங்கியவர், ‘அக்காலத்தில் அப்படித்தான் செய்தோம்’ என்று ஐந்நூறாவது கிலோமீட்டரிலேயே எண்ணெயை மாற்றினால் அவர் மிகுந்த அக்கறை உடையவர் போலத் தோன்றுவார். ஆனால், அவர் செய்தது அக்கறை அன்று, பழக்கத்தின் ஏவல். எந்தப் பொருளைக் காக்கிறோமோ அந்தப் பொருளின் இயல்பை அறிந்து காப்பதே அக்கறை. கையேட்டைத் திறந்து படிக்கும் ஐந்து நிமிடமும் கடமையின் ஒரு பகுதியே. அறிவில்லாத அன்பு பிள்ளைக்குப் பசியில்லாதபோதும் சோறூட்டும்.

இவ்வெண்ணத்தைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்து பார்த்தால், அதன் கூர்மை இன்னும் விளங்கும். குழந்தை எஞ்சின் அன்று. எஞ்சினைப் பிரித்துப் பூட்டலாம். கழிந்த ஓர் ஆண்டைக் குழந்தைக்குத் திருப்பித் தர எவராலும் இயலாது. எனவே, முதல் கால அக்கறை இங்கே பன்மடங்கு வேண்டப்படுகிறது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 1988இல் தொடங்கி 2021இல் நீக்கப்பட்டது. அதுவரை, தொடக்கப்பள்ளிகளின் பெயர் பெரும்பாலும் ஆறாம் ஆண்டு மாணவரின் தேர்ச்சியைக் கொண்டே அளக்கப்பட்டது. தேர்ச்சி விழாவில் மாலை ஆறாம் ஆண்டு ஆசிரியருக்கு விழும். ஐந்தாண்டுகளுக்கு முன், பென்சிலை முஷ்டியால் பற்றிய பிஞ்சு விரல்களைப் பிரித்துப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த முதலாம் ஆண்டு ஆசிரியரை அம்மேடை நினைப்பது அரிது. ணகர னகர வேறுபாட்டை அவர் அன்று திருத்தாமல் விட்டிருந்தால், அன்று எவரும் அதனைக் கண்டிருக்கமாட்டார். இடைநிலைப்பள்ளியில் வேறோர் ஆசிரியரே அதனைக் கண்டு வருந்தியிருப்பார். நீலப் புகை அங்கேதான் கிளம்பியிருக்கும்.

முதலாம் ஆண்டு ஏட்டில் பிழைகள் நிறைந்திருப்பது இயல்பு. வடித்த எண்ணெயில் மின்னும் துகள்களைக் கண்டு வண்டியைத் திட்டும் தொழிலாளி இல்லை. அவற்றை வெளியேற்றுவதே தம் வேலை என்று அவர் அறிவார். தொடக்கப் பிழைகளைக் கண்டு குழந்தையைச் சினக்கும் ஆசிரியர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. அப்பிழைகள் கற்றல் நடைபெறுகிறது என்பதற்குச் சான்று. அவற்றைக் காலத்தில் களைவது ஆசிரியர் கடமை. அவற்றுக்காகக் குழந்தையைச் சிறுமைப்படுத்துவது கடமை அன்று.

இனி, தொடக்க வினாவுக்குத் திரும்பலாம். பயனும் கேடும் கண்ணில் படாத செயல் கடமை ஆகுமா? ஆகும். கண்ணில் படுவது செயலின் விளைவே. கடமையோ விளைவுக்கு முன்னரே பிறந்துவிடுகிறது. ஒரு பொருளோ ஒரு குழந்தையோ ஒருவர் கையில் ஒப்படைக்கப்படும் கணத்தில் அது பிறக்கிறது. பிறர் காணும் இடத்தில் அதனைச் செய்யப் புகழ் துணை நிற்கும். சட்டம் காணும் இடத்தில் அச்சம் துணை நிற்கும். எவரும் காணாத இடத்தில் துணை நிற்பது ஒருவரின் பண்பு ஒன்றே.

வேலை முடிந்ததும் பட்டறைத் தொழிலாளர் கையைத் துடைத்துக்கொண்டு பராமரிப்புக் கையேட்டின் முதல் கட்டத்தில் கையொப்பம் இடுகிறார். ஓடிய தூரம், நாள், ஊற்றிய எண்ணெயின் வகை ஆகியவை அதில் பதிவாகின்றன. அந்த வண்டி இன்னும் எத்தனை பேர் கைக்கு மாறுமோ, அவர் அறியார். பின்னர் எவரேனும் அவ்வேட்டைத் திறந்து அக்கையொப்பத்தைக் காண்பரோ, அதனையும் அவர் அறியார். ஆயினும், அக்கையொப்பம் உண்மையாக இருக்க வேண்டும். முகமறியா ஒருவரின் நலத்துக்காக இன்று உண்மையாக இடப்படும் அத்தகைய கையொப்பங்களின் மேல்தான் ஒரு சமுதாயத்தின் நம்பிக்கை நிலைபெற்று நிற்கிறது.