மௌனம் சம்மதமாகுமா?

நொச்சிக்குப்பத்துக் கரையில் படகுகள் வந்து ஒதுங்கும் காலை வேளையில் நின்று பார்த்தோர் மீன் ஏலத்தைக் கண்டிருப்பர். கூடை மணலில் இறங்குகிறது. விலை கூறப்படுகிறது, ஒருவர் ஏற்றிக் கேட்கிறார், மற்றொருவர் அதற்கும் மேல் கேட்கிறார். பின்னர் ஒரு கணம் எவரும் பேசுவதில்லை. மூன்று தரம் சொல்லி முடிந்ததும் கூடை கடைசியாகக் கேட்டவருக்குப் போய்விடுகிறது. வாய் திறவாதோர் அனைவரும் வேண்டாம் என்று சொன்னதாகவே பொருள். அதில் எவருக்கும் ஐயமில்லை. அந்த மௌனத்துக்கு இன்ன பொருள் என்பதைக் கரை வழக்கம் முன்னரே வரையறுத்து வைத்திருக்கிறது.

அங்கிருந்து கடற்கரைச் சாலையோடு வடக்கே சென்றால் சட்டமன்றம் கூடும் புனித ஜார்ஜ் கோட்டை. தென்மேற்கே திரும்பினால் கிண்டியில் ஆளுநர் மாளிகை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு கோப்பு செல்ல ஒரு மணி நேரம் போதும். ஆயினும் 2020 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரை தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பிய 12 மசோதாக்கள் அங்கே முடிவின்றிக் கிடந்தன. பெரும்பாலானவை பல்கலைக்கழகங்கள் பற்றியவை. மீன்வளப் பல்கலைக்கழகம் பற்றியதும் அவற்றுள் ஒன்று. ஒப்பவுமில்லை, மறுக்கவுமில்லை. இந்த மௌனத்துக்கு என்ன பொருள்?

ஃபிக்ஹ் நூல்களைப் பயின்றோர்க்கு இது புதிய வினாவன்று. பேசாதிருப்பவர் பெயரில் ஒரு சொல்லை ஏற்றிச் சொல்லலாகாது என்பது இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்கள் பெயரால் வழங்கும் விதி. நம் பொருளை ஒருவர் விற்பதைக் கண்டும் நாம் பேசாதிருந்தால், விற்பதற்கு அவரை நியமித்ததாக ஆகாது. ஆனால் பேசியே ஆகவேண்டிய இடத்தில் பேசாதிருப்பதும் ஒரு பேச்சே என்பதையும் அவ்விதியோடு சேர்த்தே சொல்வார்கள். நிகாஹ்வுக்குச் சம்மதம் கேட்கும்போது கன்னிப் பெண்ணின் மௌனமே அவள் இசைவு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியது, நாணம் அவள் நாவைத் தடுக்கும் என்பதற்காகத்தான். முன்பு மணமுடித்து வாழ்ந்த பெண்ணுக்கு இச்சலுகை இல்லை. அவள் வாய் திறந்தே சொல்லவேண்டும். ஆளுநர்களின் நாவை நாணம் தடுப்பதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

அமெரிக்க அரசியல் சாசனம் மௌனத்துக்கு இருவேறு பொருள்களை எழுதியே வைத்திருக்கிறது. ஜனாதிபதியிடம் வந்த மசோதா, ஞாயிறு நீங்கலாக 10 நாட்கள் கையெழுத்தின்றிக் கிடந்தால் தானே சட்டமாகிவிடும். அதற்குள் காங்கிரஸ் சபை ஒத்திவைக்கப்பட்டு, திருப்பியனுப்ப வழியில்லாமற் போனாலோ அது மாண்டுவிடும். பின்னதைச் சட்டைப்பை வீட்டோ என்பர். நம் சாசனத்தின் 200-ஆம் பிரிவு, ஆளுநர் ஒப்புதல் அளிக்கலாம், நிறுத்தலாம், ஜனாதிபதியின் முடிவுக்கென ஒதுக்கலாம் என்கிறது. திருப்பியனுப்புவதாயின் கூடிய விரைவில் அனுப்பவேண்டும். சபை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்தலாகாது. எத்தனை நாட்கள் என்று மட்டும் சொல்லவில்லை. பண்புடையோர் கையில்தான் இவ்வதிகாரம் இருக்கும் என்று எண்ணிவிட்டார்கள் போலும்!

அவ்வாறு பண்போடு கையாண்டதற்கு நம்மிடமே சான்று உண்டு. இராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்கள் ஜனாதிபதியாயிருந்தபோது, ஆதாயப் பதவி வகித்த நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தகுதியிழப்பிலிருந்து காக்கும் மசோதா 2006-இல் அவரிடம் வந்தது. 111-ஆம் பிரிவு தந்த உரிமையின்படி மே மாதம் 30-ஆம் தேதி அதனைத் திருப்பினார். எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும் நியாயமான அளவுகோல் வேண்டும் என்று காரணமும் எழுதினார். நாடாளுமன்றம் அதை மாற்றாமலே மறுபடி அனுப்பியது; ஆகஸ்டு 18-இல் கையெழுத்திட்டார். இது தோல்வி என்போர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. அவர் கண்ட குறை என்னவென்று நாடு அறிந்தது; அதனைப் பொருட்படுத்தாதவர் யாரென்றும் அறிந்தது.

ஆனால் இதற்கு நேர்மாறான ஒரு செய்தி நம்மை நெடுநாள் குழப்பியதுண்டு. மக்களின் கடிதங்களை இடைமறித்துப் பார்க்க அரசுக்கு விரிந்த அதிகாரம் தரும் அஞ்சல் திருத்த மசோதாவை 1986-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஜனாதிபதி ஜெயில் சிங் அதனை ஒப்பாமலும் திருப்பாமலும் வைத்துக்கொண்டார். திருப்பியிருந்தால் பெரும்பான்மை பலத்தோடு மீண்டும் வந்திருக்கும். அதன்பின் கையெழுத்திட்டே ஆகவேண்டும். பேசாதிருந்ததாலேயே அத்திருத்தம் நின்றது. (2023-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்தில் இடைமறிக்கும் அதிகாரம் வந்தே சேர்ந்தது என்பது வேறு கதை.) பிறர் மறைவைத் துருவுவதை மார்க்கம் விலக்கியிருக்க, அந்த மசோதா சட்டமாகாததை அறிந்து நாமும் மகிழ்ந்தோம். அதே மௌனத்தை வேறொருவர் கைக்கொள்ளும்போது எந்த வாயால் கண்டிப்பது? விளைவு நமக்கு உவப்பானது என்பதால் ஒரு வழி நல்வழியாகிவிடுமா? ஆகாது. அம்மகிழ்ச்சியை நாம் இப்போது குறைத்துக்கொள்ளவே வேண்டியிருக்கிறது.

சரி, வாய் திறவாதவரை என் செய்வது? தகுந்த மாப்பிள்ளை அமைந்து, பெண்ணும் இசைந்திருக்க, வலீ தக்க காரணமின்றித் தடுத்தால் பொறுப்பு காழியிடம் செல்லும் என்பது ஷரீஅத் சட்டம். 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் செய்ததும் ஏறத்தாழ இதுவே. 2023 நவம்பரில் ஆளுநர் ஆர்.என். ரவி 10 மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்தினார். சட்டமன்றம் அம்மாதம் 18-ஆம் தேதி அவற்றை மீண்டும் நிறைவேற்றியது. அவரோ அவற்றை ஜனாதிபதிக்கென ஒதுக்கினார். அது முறையன்று என்ற நீதிமன்றம், பத்தும் ஒப்புதல் பெற்றனவாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது.

ஆனால் காழியும் வலீயின் மறுப்பு தம் முன் உறுதியான பின்னரே அவர் இடத்தில் நிற்கவேண்டும் என்பர் சட்ட அறிஞர்கள். இல்லையேல் ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் காழியே வலீயாகிவிடுவார். ஜனாதிபதி கேட்ட 14 வினாக்களுக்கு அவ்வாண்டு நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் தந்த கருத்துரையில் இந்த அச்சம் தெரிகிறது. நீதிமன்றம் காலக்கெடு விதிக்கலாகாது. ஒப்புதல் கிடைத்ததாகக் கருதலும் கூடாது. எனினும் சபைக்குத் திருப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்கும் உரிமை ஆளுநருக்கில்லை. காரணமின்றி நெடுங்காலம் வாளாவிருந்தால், நியாயமான காலத்துக்குள் ஏதேனும் ஒரு முடிவெடுக்குமாறு அவரைப் பணிக்கலாம்.

கையெழுத்தைக் காழி இடவேண்டாம் என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால் நியாயமான காலம் என்பது எவ்வளவு? நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரும் மசோதா 2021 செப்டம்பரில் நிறைவேறியபோது பத்தாம் வகுப்பில் இருந்த ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் அது திரும்பி வந்தது. மறுபடி நிறைவேறி ஜனாதிபதியிடம் சென்றது. ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில். அதற்குள் அவள் பள்ளியை முடித்து ஓராண்டாகிவிட்டது. மறுப்பேயாயினும் காலத்தே வந்திருந்தால் அவள் அதற்கேற்ப நடந்திருப்பாள். மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது, எவ்வளவு கடன் வாங்குவது என்று அவள் தந்தை கணக்குப் பார்த்த இரவுகளில் மசோதா டில்லியில் இருந்தது.